இரண்டு விநாடிச் சூடு

ஏதாவது ஒரு ஐசியின் டேட்டாஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். பற்றவைக்கும்போது அதன் கால்கள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். பல ஐசிகளுக்கு அது 260 டிகிரி செல்சியஸ், 10 விநாடி. வீட்டு மேசையில் சால்டரிங் செய்பவர்களில் பலர் முதல் எண்ணைக் கண்டு பயப்படுகிறார்கள். இரண்டாவது எண்ணைக் கண்டுகொள்வதில்லை. நுண்ணிய பாகமாயிற்றே, சூட்டைக் குறைத்து மெதுவாகச் செய்வோம் என்று சால்டரிங் அயர்னை 250 டிகிரியில் வைத்துவிட்டு, சரியாக உருகாத ஈயத்தோடு (சால்டரோடு) அரை நிமிடம் மல்லுக்கட்டுகிறார்கள். முடிவில் ஐசியும் போகிறது, போர்டில் இருந்த செம்புத் தடமும் உரிந்து கையோடு வருகிறது. வீட்டு மேசையில் பாழாகும் பாகங்களில் பெரும்பாலானவற்றைக் கொல்வது கூடிப்போன விநாடிகள்தாம்.

ஜொகூரில் உட்கார்ந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள மூவாரில் 1974 முதல் குறைக்கடத்தி ஆலை ஒன்று இயங்கிவருகிறது. அன்று இத்தாலியின் எஸ்ஜிஎஸ்-ஆட்டெஸ், இன்று எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ். சிலிக்கான் சில்லுகளை உறைக்குள் அடைத்து, கால் பொருத்தி, சோதித்து உலகுக்கு அனுப்பும் இடம் அது. 2021 ஆகஸ்டில் கோவிட் தொற்றால் அங்கே உற்பத்தி தடைப்பட்டபோது, ஐரோப்பியக் கார் ஆலைகளின் சில்லுத் தட்டுப்பாடு இன்னும் முற்றியது. மூவார் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் பலர் வரைபடத்தில் தேடினார்கள். செனாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங் பக்கமும் மின்னணு ஆலைகள் ஏராளம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோரின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப்போய் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து இந்த வேலையைச் செய்தார்கள். மணிக்கட்டில் பட்டை கட்டுவது, உலர்பையைத் திறந்த நேரத்தைக் குறித்துவைப்பது, அயர்ன் நுனியைத் துடைத்துத் துடைத்து வேலை செய்வது எல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் ஆலை வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரவே இல்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆர்டுயினோவும் சென்சாருமாக மேசையை நிரப்பிவைத்திருக்கிறார்கள். பாட்டிக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியவில்லை. இந்த அத்தியாயம் அந்த இடைவெளிக்காக எழுதப்படுகிறது.

முதலில், பற்றவைக்கும்போது என்னதான் நடக்கிறது? உருகிய ஈயம் பசைபோலப் பரவி, ஆறியதும் பிடித்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே ஒரு புதுப்பொருள் பிறக்கிறது. உருகிய வெள்ளீயம் செம்பைத் தொட்டதும் கொஞ்சம் செம்பைக் கரைத்து இழுத்துக்கொள்கிறது. எல்லைக்கோட்டில் ஆறு செம்பு அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற விகிதத்தில் ஒரு சேர்மம் உண்டாகிறது. நல்ல இணைப்பில் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்குதான். அந்த மெல்லிய படலம்தான் பிடிமானம். அது உண்டாகாவிட்டால் ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருக்கும், தட்டினால் கழன்றுவிடும். அதிக நேரம் சூடு காட்டினாலோ படலம் தடித்துப்போகும். அந்தச் சேர்மம் நொறுங்கும் தன்மை உடையது என்பதால், தடித்த படலம் இணைப்பைப் பலவீனமாக்கும். இங்கும் விநாடிக்கணக்குதான்.

வெள்ளீயம் செம்பைத் தொட வேண்டுமே, அதற்கு ஒரு தடை இருக்கிறது. காற்றுப்பட்ட செம்பின்மேல் ஆக்சைடு படிந்திருக்கும், உருகிய ஈயம் அதன்மேல் ஒட்டாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் என்ன செய்வார்? பாத்திரத்தைத் தணலில் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, புகை எழும்போதே வெள்ளீயத் துண்டை இழுத்துத் துணியால் சுற்றிவரத் தேய்ப்பார். நவச்சாரம் ஆக்சைடை அரித்து நீக்கும், அந்த நொடியில் ஈயம் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். மின்னணுவியலில் நடப்பதும் அதே வேதியியல்தான். ஆனால் நவச்சாரம் இங்கே ஆகாது. அதன் எச்சம் நுண்ணிய செம்புத் தடங்களை நாளடைவில் தின்றுவிடும். அதற்குப் பதிலாக பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். குளிர்ந்த நிலையில் அது கெட்டியாக, ஏறக்குறையச் செயலற்றுக் கிடக்கும். சூடேறி உருகியதும் அதிலுள்ள அமிலங்கள் ஆக்சைடைக் கரைக்கும். ஆறியதும் மறுபடி உறைந்து அடங்கும். நல்ல சால்டர் கம்பியின் நடுவே ஊசித்துளைபோல ஓடும் பகுதியில் நிரப்பியிருப்பது ஃபிளக்ஸ் எனப்படும் இந்த ஆக்சைடு நீக்கியைத்தான். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸை மின்னணுப் போர்டுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வெள்ளீயத்தைப் பற்றிப் பேசும்போது நம் மண்ணை விட்டுவிட முடியாது. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு உலகுக்கே வெள்ளீயம் கொடுத்தது. ஜொகூரிலும் கோத்தா திங்கி வட்டாரத்தில் வெள்ளீயச் சுரங்கம் நடந்தது. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனி, சிங்கப்பூரின் பிரானித் தீவில் 1890இலும் பட்டர்வொர்த்தில் 1902இலும் உருக்காலை தொடங்கியது. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் கைவிரித்ததும் விலை சரிந்து, மலேசியச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மண்ணிலிருந்து உலோகம் எடுத்த நாடு அதற்குள் அந்த உலோகத்தால் சில்லுகளை இணைக்கும் நாடாகவும் மாறியிருந்தது.

தூய வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327இல். இரண்டையும் 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால் இரண்டையும்விடக் கீழே, 183 டிகிரியிலேயே உருகும். குழகுழவென்ற இடைநிலையே கிடையாது. திடத்திலிருந்து நேராகத் திரவம். நூறாண்டுக்குமேல் மின்சாதன உலகம் இந்தக் கலவை அல்லது அதற்கு நெருக்கமான கலவைகளின்மேல்தான் நின்றது. காரீயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதைக் கட்டுப்படுத்தியது. ஆலைகள் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற கலவைக்கு மாறின. அது உருகுவது 217 முதல் 220 டிகிரிக்குள். வீட்டுக்காரருக்கு இதில் ஒரு சங்கடம்: பாகத்துக்கு இதமானது காரீயக் கலவை, வீட்டுக்கு இதமானது காரீயமில்லாத கலவை. என் முடிவு இது. பிள்ளைகள் புழங்கும் வீடாக இருந்தால் காரீயமில்லாததையே வாங்குங்கள், 35 டிகிரி கூடுதல் சூட்டைக் கைத்திறனால் ஈடுகட்டலாம். பழைய ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பவர்கள் காரீயக் கலவையை வைத்திருக்கலாம், ஆனால் தனிப்பெட்டியில், பூட்டி.

மூன்றாவதாக ஒரு கலவை இப்போது இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. வெள்ளீயம் 42, பிஸ்மத் 58, உருகுநிலை 138 டிகிரி. மென்மையான பாகங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். புதிய, காரீயமில்லாத போர்டில், இழுவிசை விழாத இடத்தில் நல்லதுதான். பழைய காரீய இணைப்பின்மேல் இதை வைத்தால் நிலைமை வேறு. வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்து 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கூட்டணியை உண்டாக்கும். வேலை செய்யும்போதே சூடாகும் பவர் டிரான்சிஸ்டரின் காலில் அப்படி ஒரு இணைப்பு இருந்தால் அது நிலைக்காது.

இனி சூட்டின் கதைக்கு வருவோம். திடப்பொருளுக்குள் சூடு பரவுவதற்கு ஒரு விதி உண்டு: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். செம்புக் காலில் 3 மில்லிமீட்டர் தூரத்தைக் கடக்கச் சூட்டுக்குப் பத்தில் ஒரு விநாடிகூட வேண்டாம். ஐசியின் கரிய பிளாஸ்டிக் உடலிலோ ஒரே ஒரு மில்லிமீட்டரைக் கடக்கவே சில விநாடிகள் ஆகும். இந்த வித்தியாசத்துக்குள்தான் நம் வேலை நடந்து முடிய வேண்டும். நுனி 350 டிகிரியில் இருந்து, நன்றாகத் தொட்டு, காலும் அது உட்காரும் செம்புத் திட்டும் இரண்டு விநாடியில் உருகுநிலையைத் தாண்டிவிட்டால், உடல் பெரிதாகச் சூடேறுமுன் நுனியை எடுத்துவிடலாம். நுனி 250இல் இருந்தால் அதே இணைப்புக்குப் பதினைந்து, இருபது விநாடி ஆகும். அதற்குள் காலும் உடலும் போர்டும் சேர்ந்து ஊறிப்போகும். சாதாரணப் போர்டின் கண்ணாடியிழைப் பிசின் 130, 140 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. செம்புத் திட்டு உரிந்துவருவது அதனால்தான். சூட்டை எல்லையில்லாமல் கூட்டவும் முடியாது. 400ஐத் தாண்டினால் ஃபிளக்ஸ் வேலை செய்யுமுன் கருகிவிடும், நுனியும் கறுத்துச் செத்துவிடும். காரீயக் கலவைக்கு 320 முதல் 350, காரீயமில்லாததற்கு 350 முதல் 380. இந்த வரம்புக்குள் நில்லுங்கள்.

நுண்ணிய வேலைக்கு ஊசிபோன்ற நுனி வேண்டும் என்று எல்லாரும் வாங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சூடு போவது தொடும் பரப்பின் வழியாக. ஊசிமுனைக்குப் பரப்பே கிடையாது. ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளிவடிவ நுனி ஐசியின் காலுக்கு அதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. நுனியில் துளி ஈயம் நனைந்திருப்பதும் அவசியம். இரண்டு திட உலோகங்கள் தொடும்போது இடையே காற்று நிற்கும், அந்த இடைவெளியை உருகிய ஈயம் நிரப்பினால்தான் சூடு பாயும். வெந்நுனியைக் காய்ந்த நிலையில் வைத்திருந்தால் ஆக்சைடு மூடி, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பயனிராது. அழுத்தம் எப்போதுமே உதவாது. சிறந்த பற்றவைப்பாளரின் கை அயர்னின் எடையைத் தவிர வேறு எதையும் போர்டின்மேல் வைக்காது.

ஒரு எட்டுக்கால் ஐசியைக் கிட்ட இருந்து பார்ப்போம். கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர். போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எட்டுத் திட்டுகளிலும் ஃபிளக்ஸ் தடவுங்கள். மூலையில் உள்ள ஒரே ஒரு திட்டில் மட்டும் சிறு ஈயம் வையுங்கள். ஐசியைச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு, அந்தத் திட்டை உருக்கி, அதன் காலை உள்ளே தள்ளி, நுனியை எடுங்கள். ஈயம் உறையும்வரை, ஒரு விநாடி, கை அசையக் கூடாது. இப்போது பூதக்கண்ணாடியில் பாருங்கள். எட்டுக் காலும் எட்டுத் திட்டின்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஒரு காலை மட்டும் மறுபடி உருக்கித் திருத்தலாம். நேராக இருந்தால் எதிர்மூலைக் கால். பிறகு மற்றவை, ஆனால் வரிசையாக அல்ல. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவே சில விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில்தான் உடல் ஆறுகிறது. 0.5 மில்லிமீட்டர் கம்பியே போதும், தடித்த கம்பி வெள்ளம்போல் ஈயத்தைக் கொட்டிவிடும். இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் பாலம் கட்டிவிட்டால் பதற வேண்டாம். ஃபிளக்ஸ் தடவிய செம்புப் பின்னலை வைத்து அதன்மேல் நுனியை வைத்தால் மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். நல்ல இணைப்பின் விளிம்பு காலை நோக்கிக் குழிந்து ஏறியிருக்கும். உருண்டு குவிந்திருந்தால் சூடு போதவில்லை என்று பொருள்.

எல்லாப் பாகமும் ஒரேவிதமாக மென்மையானது அல்ல. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்கும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், உள்ளே 75 முதல் 100 டிகிரிக்குமேல் தாங்காது. ஆர்டிஎம்மின் தமிழ் ஒலிபரப்பை அப்படிப்பட்ட ரேடியோக்களில் கேட்டு வளர்ந்த தலைமுறை, அதைப் பழுதுபார்க்கும்போது காலின் நடுவே கவ்வியைக் கடித்துவிட்டுப் பற்றவைத்தது. கால் வழியாக ஏறும் சூட்டைக் கவ்வி வாங்கிக்கொள்ளும். எல்ஈடிக்கும் இதே உபாயம் நல்லது. பீங்கான் கெபாசிட்டரின் நோய் வேறு. அது அதிக டிகிரியைத் தாங்கும், திடீர் மாற்றத்தைத் தாங்காது. அறைச்சூட்டில் கிடந்த அரிசிமணி அளவு கெபாசிட்டரின் உடலில் 350 டிகிரி நுனி பட்டதும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அன்று வேலை செய்யும், சில மாதங்களில் உள்ளேயே ஷார்ட் ஆகும். நுனியைத் திட்டில் வையுங்கள், கெபாசிட்டரின் உடலில் வைக்காதீர்கள். முடிந்தால் போர்டைக் கீழிருந்து முன்கூட்டியே மெல்லச் சூடேற்றுங்கள்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். அடுத்தது நம் ஊருக்கென்றே உள்ளது: காற்றின் ஈரம்.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரை டிகிரியில் இருக்கிறது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், இரவில் 90ஐத் தாண்டும். ஐசியின் கரிய உடல் எப்பாக்சி பிளாஸ்டிக். பார்க்கக் கல்போல் இருந்தாலும் அது காற்றிலிருந்து நீர் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல உறிஞ்சும். உறிஞ்சிய நீர், பிளாஸ்டிக்கும் சில்லும் சந்திக்கும் இடுக்கில் போய்த் தங்கும். அந்த ஐசியைத் திடீரென்று சூடாக்கினால் என்ன ஆகும்? 200 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 15 மடங்கு, 220இல் 23 மடங்கு, 260இல் 46 மடங்கு. உறை உள்ளுக்குள் பிரிந்து, உப்பி, சில நேரம் சத்தத்தோடு வெடிக்கும். ஆலைகளில் இதைப் பாப்கார்ன் என்றே அழைக்கிறார்கள். காரீயக் கலவையிலிருந்து காரீயமில்லாத கலவைக்கு மாறியபோது உச்சச் சூடு இருபது, முப்பது டிகிரிதான் கூடியது. ஆனால் நீராவி அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. அந்த மாற்றம் ஆலைகளுக்குக் கொடுத்த தலைவலிகளில் இது பெரியது.

அதனால்தான் ஐசிகள் வெள்ளி நிற உலர்பையில், சிலிக்கா ஜெல்லோடும் ஈரம் காட்டும் அட்டையோடும் வருகின்றன. பையின்மேல் ஒரு நிலை எண் இருக்கும். நிலை 3 என்றால், பையைத் திறந்தபின் 30 டிகிரி, 60 விழுக்காடு ஈரத்துக்கு மிகாத இடத்தில் 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிட வேண்டும். ஒரு வாரம். மூவாரிலும் செனாயிலும் உலர்பையைத் திறந்த நேரத்தை எழுதிவைப்பது இந்தக் கணக்குக்காக. ஆலைக்குள் குளிரூட்டியும் ஈரக்கட்டுப்பாடும் உண்டு. நம் வீட்டு அறையில் சன்னல் திறந்திருக்கும் இரவில் அந்த 60 விழுக்காடு என்ற எல்லை கனவு. ஆக, இங்கே ஒரு வாரம் என்பதும் ஒரு வாரம் அல்ல, அதைவிடக் குறைவு. ஆறு மாதம் டப்பாவில் திறந்து கிடந்த ஐசி நீரில் ஊறிய ஐசிதான்.

எல்லாருக்கும் இந்த ஆபத்து இல்லை. அயர்னால் ஒவ்வொரு காலாகப் பற்றவைப்பவருக்கு ஐசியின் உடல் அவ்வளவு சூடேறுவதில்லை, இரண்டு விநாடிக் கணக்கே காப்பாற்றிவிடும். ஆபத்து ஹாட் ஏர் (வெப்பக்காற்று) கருவி வைத்திருப்பவருக்கு. இப்போது மலிவான ஹாட் ஏர் ஸ்டேஷன் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதன் காற்று உடலையும் காலையும் சேர்த்தே சூடாக்கும். அப்படிச் செய்யுமுன் ஐசியை உலர்த்த வேண்டும். உறையின் தடிமனைப் பொறுத்து, 125 டிகிரியில் சில மணி நேரம் முதல் இரண்டு நாள்வரை ஆகலாம். பிளாஸ்டிக் நாடாவில் சுற்றிவந்த பாகங்களை நாடாவோடு அந்தச் சூட்டில் வைத்தால் நாடா உருகிவிடும். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனை இதற்குத் தொடவே கூடாது. அதைவிட எளிது, ஈரம் ஏறவிடாமல் பார்ப்பது. காற்றுப்புகாத டப்பா, அதில் ஒரு கை சிலிக்கா ஜெல், நிறம் மாறும் ஈர அட்டை ஒன்று. ஜொகூரில் மின்னணு வேலை செய்கிறவருக்கு அயர்னுக்கு அடுத்தபடி வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பேன்.

அதே ஈரம் இன்னொரு பக்கம் நமக்கு உதவுகிறது. கம்பளத்தின்மேல் நடக்கும் மனிதன் உடலில் சேரும் நிலைமின்சாரம், வறண்ட காற்றில் 35,000 வோல்ட்வரை போகலாம். ஈரமான காற்றில் அது 1,500ஆகக் குறையும். ஆனால் 1,500 வோல்ட் போதாதா? நவீனச் சில்லில் டிரான்சிஸ்டரின் கேட் முனையைப் பிரிக்கும் ஆக்சைடு சில நானோமீட்டர்தான். ஒரு நானோமீட்டர் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் உடையும். ஐசிகளுக்குள் பாதுகாப்பு டயோடுகள் இருப்பதால்தான் அவை நம் விரல்களிடமிருந்து தப்பிக்கின்றன. தனி மாஸ்ஃபெட்டுகளில் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மனிதத் தோலுக்குச் சுரீரென்று தெரிவது சுமார் 3,000 வோல்ட்டுக்குமேல். அதற்குக் கீழே நடப்பதை நாம் உணர்வதே இல்லை. குளிரூட்டி ஓடும் மூடிய அறையில் வேலை செய்பவருக்கு ஈரத்தின் உதவியும் குறைந்துவிடும். ஆகவே மணிக்கட்டுப் பட்டை வேண்டும். அதன் கம்பியில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதைக் கவனித்து வாங்குங்கள். அது ஐசிக்காக அல்ல, உங்களுக்காக. தவறுதலாக 240 வோல்ட்டைத் தொட்டுவிட்டாலும் பட்டை வழியாக ஓடக்கூடியது 0.24 மில்லிஆம்பியர்தான். அந்த ரெசிஸ்டர் இல்லாத வெறுங்கம்பியைக் கையில் கட்டுவது உயிரோடு விளையாடுவது.

மின்சாரம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருப்பது மூன்று துளைச் சாக்கெட். மலிவு அயர்ன்கள் பல இரண்டு முனைச் செருகியோடு வருகின்றன. மேல்துளையில் பேனாவை விட்டுத் தடுப்பை நெம்பித் திறந்து, இரண்டு முனையையும் திணிக்கும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. அந்த மேல்துளைதான் எர்த். எர்த் இல்லாத அயர்னின் நுனியில் கசிவு மின்னழுத்தம் நிற்கலாம். அது ஐசியின் காலுக்குள் இறங்கும். உள்ளே காப்பு பழுதானால் நுனிக்கும் உங்கள் கைக்குமே முழு மின்சாரமும் வரும். மூன்று முனைச் செருகியும், சூடு காட்டி நிலைநிறுத்தும் வசதியும் உள்ள அயர்ன் வாங்குங்கள். யூஎஸ்பி-சி வகையானால், எர்த் கம்பி பொருத்த அதில் திருகு இருக்கிறதா பாருங்கள். மின்பெட்டியில் இருக்கும், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபியின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அது விழாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பவர் சப்ளையைத் திறப்பவர்கள், செருகியைக் கழற்றியபின்னும் பெரிய கெபாசிட்டரில் 340 வோல்ட்வரை தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. லித்தியம் பேட்டரியின் உடலில் நேராகப் பற்றவைக்கவே கூடாது. உள்ளிருக்கும் பிரிப்புத்தாள் இளகினால் பேட்டரி தீப்பிடிக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த பேட்டரியாகப் பார்த்து வாங்கினால், அந்தப் பட்டையில் பற்றவைக்கலாம்.

பாகம் பிழைத்தது, நாம்? சால்டரிங்கில் எழும் புகையைக் காரீயப் புகை என்று பயப்படுகிறார்கள். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். நம் நுனியின் சூட்டில் அது ஆவியாவது மிக மிகச் சொற்பம். எழுவது ரோசின் புகை. அதற்காக அது சாதுவும் அல்ல. தொழிலிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு ரோசின் புகை முக்கியக் காரணங்களில் ஒன்று. பிரிட்டனில் எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் என்று அதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளிப் புகையும் மூச்சை அடைக்கும், அது பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. நுண்ணிய வேலை என்று முகத்தைப் போர்டின்மேல் கவிழ்ப்பவருக்குத்தான் புகை நேராக மூக்குக்குப் போகிறது. கூரைக் காற்றாடி அதை மறுபடி கீழே தள்ளும், இணைப்பையும் பாதியில் ஆறவைக்கும். காற்றாடியை நிறுத்திவிட்டு, சிறு மேசைக் காற்றாடியைப் புகையை உங்களிடமிருந்து சன்னல் பக்கம் இழுக்கும்படி திருப்பி வையுங்கள். குளிரூட்டிக்காகச் சன்னலை மூடிவிட்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் வேலை முடிந்து காற்று மாறும்வரை அந்த அறைக்குள் வர வேண்டாம்.

காரீயம் நம்மைச் சேர்வது கை வழியாக. கம்பியைப் பிடித்த விரல், அதே விரலில் கரிப்பாப், பிறகு வாய். ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே விடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்கினால் துகள் பறக்கும். சாப்பாட்டு மேசை இதற்கு உரிய இடம் அல்ல.

தீக்காயத்துக்குப் பற்பசையும் சோயா சாஸும் பூசுவது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. குழாயைத் திறந்து ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், அதுதான் முதலுதவி. அயர்ன் கை தவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். நைலான் உடை தோலோடு உருகி ஒட்டும், பருத்தி போடுங்கள். பாகங்களின் கால்களை நறுக்கும்போது துண்டு கண்ணுக்குத் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையுள்ள ஐசியில் கையைப் பழக்காதீர்கள். ஜொகூர் பாருவில் ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் செத்த போர்டு கேட்டுப் பாருங்கள். வீட்டிலேயே பழைய மோடம், ரிமோட் கிடக்கும். அவற்றிலிருந்து பாகங்களைக் கழற்றி, மறுபடி அதே இடத்தில் பற்றவையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் மனத்துக்குள் விநாடி எண்ணுங்கள். மூன்றுக்குள் ஈயம் ஓடவில்லையென்றால் நுனியை எடுத்துவிட்டு, துடைத்து, ஃபிளக்ஸ் தடவி, போர்டை ஆறவிட்டுப் பிறகு முயலுங்கள். பழகி முடித்த போர்டுகளையும் ஈயச் சிதறல்களையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மலேசியாவில் மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. அதற்கென உள்ள சேகரிப்பு மையங்களில்தான் அதைக் கொடுக்க வேண்டும்.